ரெண்டு விரக்கடை

நாற்பத்தேழு. என் சீட்டுல நாற்பத்தேழு, மேஜையில இப்பத்தான் முப்பத்தொம்பது போய் உக்காந்திருக்கு, நடுவுல ஏழு பேர், ஏழு பேரும் தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தவங்க மாதிரி பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, நானும்தான், சௌந்தரவல்லி, மன்னார்குடியில பொறந்து ஐம்பத்துமூணு வயசுல அடிலெய்டுல ஒரு ஓட்டல் ஹால்ல சாராய பாட்டிலைப் பழைய வாயில் புடவையில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு. நல்லா இருக்கு கதை. சாராயம்னு சொல்லக்கூடாது, ஒயின், என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், வல்லி அதைச் சாராயம்னு சொல்லாதன்னு அந்தக் காலத்துல எத்தனை தடவை சொல்லியிருப்பாரு, கேபர்நே, ஷிராஸ், ரெண்டு திராட்சையும் கலந்தது, ஒண்ணு எலும்பு, இன்னொண்ணு சதை, முப்பது வருஷம் வெச்சிருந்தாலும் தாங்கும், இதைச் சேர்த்து வெக்கிறதுக்குன்னே உலகம் பூரா ஆளுங்க இருக்காங்கன்னு. இருக்காங்கய்யா, இருக்காங்க, எதிர்க்கவே உக்காந்திருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்த ஒயின் கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு நாள் இப்படி ஆஸ்பத்திரி நடத்துறான், பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆன பாட்டிலைக் கொண்டுவந்தா வெள்ளைக் கோட்டு போட்டவங்க திறந்து, மோந்து, நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பார்த்து, நல்லா இருந்தா குறைஞ்ச அளவுக்குப் புதுசு ஊத்தி, புது கார்க் அடிச்சு, இது அசல்தான்னு முதுகுல ஒரு சீட்டு ஒட்டித் தருவாங்களாம். எனக்கு அந்தச் சீட்டும் வேண்டாம், புதுசும் வேண்டாம். நடுவுல யாராவது திறந்து குடிச்சு மூடியிருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்னு சொன்னாங்க, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். டப். இன்னொரு கார்க்.

ரெண்டு விரக்கடை. விரலை மடக்காம ரெண்டையும் படுக்க வெச்சு அளந்தேன், போன வெள்ளிக்கிழமை, அலமாரி துடைக்கும்போது. முன்னாடி கழுத்துக்குள்ள நின்னது இப்ப தோள்பட்டைக்குக் கீழ வந்து நிக்குது. முன்னாடி கழுத்துக்குள்ளதான் நின்னுதா? நின்னுது. நின்னுதுடி, போன்ல இருக்கே ஆதாரம், நாலு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு எடுத்த படம், சாமி அலமாரி முன்னாடி எங்க பொண்ணு தாரிணி நிக்கிறா, அவ தோளுக்குப் பின்னாடி முனீஸ்வரன் படம், பக்கத்துல பாட்டில், பெருசு பண்ணிப் பார்த்தா கழுத்துக்குள்ள கறுப்பா தெரியுது. இருபது தடவை பார்த்துட்டேன். கறுப்பு நிழலா ஒயினான்னு இருபத்தோராவது தடவை சந்தேகம் வருது. இந்த பாட்டிலைப் பார்த்து எங்க ஒன்பது வருஷமும் நிக்குதுன்னு இங்க இருக்கிற யாருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவர் குடிச்சுட்டு வண்டியை ரவுண்டானா மேல ஏத்தினாரு, பக்கத்து சீட்டுல தாரிணி, பதினேழு வயசு, புருவத்துல ஆறு தையல், கண்ணுக்கு ஒரு நூல் மேல, டாக்டர் சொன்னான், ஒரு நூல்னு. நான் ஓடிப் போய்ப் பார்த்தப்ப அவர் இறங்கி நின்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன், சிரிச்சதே அவருக்கு ஞாபகம் இல்ல, மறுநாள் என்ன ஆச்சு வல்லி, பாப்பா ஏன் கட்டு போட்டிருக்கான்னு கேட்டாரு. மூணு மாசம் குடியை விட வைக்கிற இடத்துல போய் இருந்துட்டு வந்து, வீட்டுல இருந்த எல்லாத்தையும் தன் கையாலேயே சிங்க்ல கொட்டினாரு, ஒண்ணை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு, இது பாப்பா பொறந்த வருஷத்துத் திராட்சை வல்லி, கம்பெனியில எனக்குக் கொடுத்தது, அவ கல்யாணத்துக்குக் கொடுக்கலாம்னு வெச்சேன்னாரு. நான் என்ன செஞ்சேன்? வாங்கிட்டுப் போய் முனீஸ்வரன் படத்துக்குப் பக்கத்துல நட்டமா நிக்க வெச்சு, கழுத்துல சந்தனம் குங்குமம் வெச்சேன். எங்க குலசாமிக்குப் பாட்டில் படைக்கிறது ஒண்ணும் புதுசு இல்லையே. இனிமே இது சாமியோடது, உங்களுது இல்ல, இந்த சீல் உடைஞ்ச அன்னிக்கு நான் இந்த வீட்டுல இல்லன்னு சொன்னேன். அவர் படத்தைத் தொட்டு சத்தியம் பண்ணினாரு. அன்னியிலிருந்து தினமும் விளக்கேத்திட்டு முதல்ல பாட்டில் சீலைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் சாமியை.

நாற்பத்தொண்ணு. ஏசி ஓடுது, கழுத்துல மட்டும் வேர்வை, வெளியே நாற்பது டிகிரி, வடக்கே எங்கேயோ காடு எரியுதாம், வரும்போது வானமே மஞ்சளா அழுக்கா இருந்துது. அவர் காலை ஷிப்ட், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல மிஷின் பார்க்கிறாரு, ஒண்ணரைக்கு முடியும், ரெண்டேகாலுக்கு வீட்டுல இருப்பாரு. அதுக்குள்ள திரும்பிடணும், இல்லேன்னா திரும்பவே கூடாது, டிக்கியில சூட்கேஸ் இருக்கு, மெல்போர்ன்ல தங்கச்சி இருக்கா, வான்னு சொல்லமாட்டா ஆனா வந்தா விரட்டமாட்டா. தாரிணி கல்யாணம் மூணு மாசத்துல. அதுக்குள்ள இப்படி அம்மா அப்பா ஆளுக்கொரு பக்கம்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க, நினைச்சுட்டுப் போகட்டும். இல்ல, எப்படிப் போகட்டும்னு விடறது. நான் ஒண்ணும் சும்மா சந்தேகப்படலை. நான் என்ன பைத்தியமா? ரெண்டு மாசமாவே மனுஷன் சரியில்ல. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிறாரு, முப்பது வருஷமா போடாத தாழ்ப்பாள். விடியக்காலையில எழுந்து வந்தா சாமி அலமாரி முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, என்னங்கன்னா, தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்றாரு, தண்ணி அடுப்படியில இருக்கு, அலமாரி ஹால்ல இருக்கு. ஒரு நாள் கேக்குறாரு, வல்லி, நேத்து நான் நல்லாத் தூங்கினேனா? இது ஒரு கேள்வியா? தூங்கினவனுக்குத் தெரியாதா தூங்கினமா இல்லையான்னு? அப்புறம் அந்தப் பழைய வேலை. பத்தொம்பது வருஷம் இதே கம்பெனியில கார்க் அடிக்கிற மிஷினைத்தான் பார்த்தாரு, கார்க்கை எப்படி எடுக்கணும், எப்படி உள்ள தள்ளணும், மேல இருக்கிற தகரக் குல்லாயைக் கிழியாம எப்படிக் கழட்டி மாட்டணும், எல்லாம் அத்துப்படி. என்னை ஏமாத்த அவருக்கு அஞ்சு நிமிஷம் போதும். குங்குமத்தைக்கூடத் திரும்ப வெச்சிருப்பாரு. சீ, என்ன நினைப்பு இது. நாலு நாளைக்கு முன்னாடி பல்வலின்னு சொன்னப்ப வாயைத் திறந்து காட்டச் சொல்லி மோந்து பார்த்தேன், கிராம்பு வாசனை. கிராம்பு எதுக்கு? பல்வலிக்கு. பல்வலி எதுக்கு? இப்படியே போய்க்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது, தேங்காய் துருவும்போதும் இதே, தலை வாரும்போதும் இதே.

பக்கத்து நாற்காலியில ஒரு கிழவர், பீட்டராம், கேக்காமலே பேரைச் சொல்லிட்டாரு, ஆறு பாட்டிலை ஸ்பாஞ்சு வெச்ச பெட்டிக்குள்ள படுக்கப் போட்டுக் கொண்டுவந்திருக்காரு. ஒவ்வொண்ணா எடுத்துத் தொட்டுக் காட்டுறாரு, இது என் மூத்தவன் பொறந்த வருஷம், இது என் மனைவி இறந்துபோன வருஷம். நான் தலையாட்டினேன். உங்களுதைப் பார்க்கலாமான்னு கேட்டாரு, முடியாதுன்னு எப்படிச் சொல்றது, புடவையைக் கொஞ்சம் விலக்கினேன். கண்ணு விரிஞ்சுது மனுஷனுக்கு, அடேயப்பா, தொண்ணூத்தெட்டு, அருமையான வருஷமாச்சே, இதெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்குன்னாரு. அப்புறம் கண்ணு கழுத்துலேர்ந்து கீழ இறங்கிச்சு. "ஓ" அப்படின்னாரு. அவ்வளவுதான், ஓ. "ஏன், என்ன?" "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் இறங்கியிருக்கு. உங்க வீட்டுல யாருக்கோ தாகம் போல!" சொல்லிட்டு ஹாஹான்னு சிரிக்கிறாரு. கிழட்டுப் பயலே, வாயில மண்ணு விழ. நானும் சிரிச்சேன். ஈன்னு பல்லைக் காட்டிச் சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே புடவையை இழுத்து மூடினேன். வேடிக்கைக்குச் சொல்றாரு, அவருக்கு என்ன தெரியும், ஆனா பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு, பார்த்த உடனே அவர் வாயிலேர்ந்து அதுதானே வந்துது. தாகம். எந்திரிச்சுப் போயிடலாம். பாட்டிலைக் கொண்டுபோய் இருந்த இடத்துல வெச்சுட்டு, குங்குமத்தைச் சரி பண்ணிட்டு, ரசம் வெச்சு அப்பளம் பொரிச்சு வெச்சா அவர் வந்து சாப்பிடுவாரு, எதுவும் நடக்காத மாதிரி. தெரியாம இருந்துட்டா எதுவும் நடக்காதது மாதிரிதானே. அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப அளப்பேன். அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையும் அளப்பேன். மூணு விரக்கடை ஆகும், நாலு ஆகும், ஒரு நாள் தாரிணி குழந்தையைப் பின்சீட்டுல வெச்சுக்கிட்டு இவர் வண்டி ஓட்டுவாரு. வேண்டாம் சாமி. அந்தக் குழந்தை இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள அதுக்கு நான் தையல் போட்டுட்டேன். நாற்பத்தாறு எந்திரிச்சுப் போறா. அடுத்தது நான். முனியய்யா, அவர் குடிச்சிருக்கக் கூடாது. குடிச்சிருந்தா எனக்குத் தெரியவும் வேணும். ரெண்டையும் எப்படிக் கேக்குறதுன்னு தெரியல, நீயே பார்த்துக்க.

நாற்பத்தேழு. என் காலு எனக்கு முன்னாடி நடந்துது. மேஜைக்குப் பின்னாடி ஒரு அம்மா, வெள்ளை முடி, வெள்ளைக் கோட்டு, சட்டையில ஹெலன்னு பேர் குத்தியிருக்கு, மூக்கு நுனி சிவந்து இருக்கு, வாழ்க்கை பூரா மோந்து மோந்து இப்படி ஆகியிருக்கும். புடவையைப் பிரிச்சு பாட்டிலைக் கையில வாங்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாங்க. கழுத்தைத் தடவினாங்க. விரல்ல சிவப்பு ஒட்டுச்சு. "இது என்ன?" "குங்குமம். சாமிக்கு வெக்கிறது." "ஒயினுக்கா?" "சாமிக்குப் பக்கத்துல இருந்துது, அதனால ஒயினுக்கும்." ஹெலன் என்னைப் பார்த்தாங்க, சிரிக்கல, ஒரு துணியால பதமா துடைச்சாங்க. என்ன தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க. நான் வீட்டுலேர்ந்து யோசிச்சு யோசிச்சு வெச்சிருந்த இங்கிலீஷ் எல்லாம் போயிடுச்சு. "யாராவது திறந்திருக்காங்களா? தெரியாம திறந்து, திரும்ப மூடியிருக்காங்களா?" அப்படின்னேன். என் குரல் எனக்கே போலீஸ்காரன் குரல் மாதிரி கேட்டுச்சு. அவங்க குல்லாயைக் கத்தியால சுத்தி வெட்டினாங்க, உள்பக்கத்தைக் கவுத்துப் பார்த்தாங்க, ரெண்டு தகடு இருக்கிற ஒரு கொக்கியைக் கார்க்குக்கு ரெண்டு பக்கமும் இறக்கி, ஆட்டி ஆட்டி, மெதுவா மெதுவா. ஒன்பது வருஷம். நான் கண்ணை மூடிக்கிட்டேன். டப்னு சத்தமே வரல. உஸ்ஸுன்னு ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான்.

கார்க்கை உருட்டி உருட்டிப் பார்த்தாங்க, ஒரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு அதுல இருந்த எழுத்தைப் படிச்சாங்க, பக்கத்து மேஜை ஆளைக் கூப்பிட்டுக் காட்டினாங்க, அவன் பார்த்துட்டுத் தலையாட்டினான். "இல்லம்மா. யாரும் திறக்கல. அன்னிக்குக் கம்பெனியில அடிச்ச அதே கார்க். ஒரு கம்பி குத்தின தடம்கூட இல்ல." நான் மேஜையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் ஏன் குறைஞ்சுது? குறைஞ்சிருக்கே, ரெண்டு விரக்கடை குறைஞ்சிருக்கே? "நிக்க வெச்சிருந்தீங்களா?" ஆமா. "எத்தனை வருஷமா?" ஒன்பது. "பக்கத்துல சூடு ஏதாவது?" விளக்கு. தினம் சாயந்திரம் விளக்கு, வெள்ளிக்கிழமை காலையிலயும். ஹெலன் பெருமூச்சு விட்டாங்க. படுக்க வெச்சாத்தான் ஒயின் கார்க்கை நனைச்சுக்கிட்டே இருக்குமாம், நிக்க வெச்சா கார்க் காஞ்சு சுருங்கிடுமாம், சுருங்கின இடுக்கு வழியா காத்து உள்ள போகும், ஒயின் ஆவியா வெளியே போகும், முதல்ல தெரியாது, கார்க் சுத்தமா காஞ்ச பிறகு மடமடன்னு இறங்கும். "யாரும் குடிக்கல. காத்துதான் குடிச்சிருக்கு." படுக்க வெக்கணுமாம். குலசாமிக்குப் படைச்ச பாட்டிலை எவளாவது படுக்க வெப்பாளா? நான்தான். நிக்க வெச்சதும் நான், விளக்கேத்தினதும் நான், குறைச்சதும் நான், அளந்ததும் நான். அடிப்பாவி. அவங்க ஒரு டம்ளர்ல ஒரு முழுங்கு ஊத்தி மோந்தாங்க, முகம் சுருங்கிச்சு, இன்னொண்ணுல ஒரு சொட்டு ஊத்தி என் பக்கம் தள்ளினாங்க, பாட்டிலுக்குச் சொந்தக்காரங்களுக்கும் கொடுக்கிறது வழக்கமாம். செங்கல் நிறத்துல கலங்கலா இருந்துது. என் ஆயுசுக்கும் நான் தொட்டது இல்ல. எடுத்துக் குடிச்சேன். ஏன் குடிச்சேன்னு தெரியல, யாராவது ஒருத்தர் குடிச்சிருக்கணும்னு தோணிச்சு. கெட்டுப்போன புளிக்கரைசல், காடி, கசப்பு, தொண்டையில நின்னுக்கிட்டு இறங்க மாட்டேங்குது. "செத்துப்போச்சும்மா, மன்னிச்சுக்குங்க. இதுக்கு நாங்க சீட்டு தர முடியாது." சாதாரண கார்க் ஒண்ணை அடிச்சு, தகரக் குல்லா இல்லாம, மொட்டையா கொடுத்தாங்க. நான் நன்றின்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். சந்தோஷமா வெளியே வந்தேன், ஆமா, சந்தோஷமாத்தான், பீட்டர் கிழவருக்குக் கையைக்கூட ஆட்டினேன். ஓட்டல் வாசல்ல அந்த மஞ்ச வெயில் முகத்துல அடிச்சப்பத்தான் புரிஞ்சுது, சீல் உடைஞ்சிடுச்சு. அவர் உடைக்கல. நான் உடைச்சுட்டேன். இதை எப்படித் திரும்பக் கொண்டுபோய் முனீஸ்வரன் பக்கத்துல வெக்கிறது, இந்த மொட்டைக் கழுத்தைப் பார்த்து அவர் என்ன கேப்பாரு, கல்யாணத்துக்குன்னு சரிபார்க்கக் கொண்டுபோனேன்னு சொல்லலாம், எல்லாரும் அதுக்குத்தானே வந்திருக்காங்க, நல்லா இருக்கு, அதையே சொல்லலாம்.

போன் அடிச்சுது. மணி ரெண்டே முக்கால். அவர்தான். "வல்லி, எங்க இருக்க?" "கடைக்கு வந்தேங்க, இதோ வந்துட்டேன்." "வல்லி, முனீஸ்வரன்கிட்ட பாட்டில் இல்ல." நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே பேசினாரு, வேகமா, மூச்சு வாங்க. "வீடு பூரா தேடிட்டேன். ஷெட்ல பார்த்தேன், துணி மிஷினுக்குப் பின்னாடி பார்த்தேன், குப்பைத் தொட்டியைக் கவுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துல நான் ஒளிச்சு வெக்கிற இடம் அத்தனையும் பார்த்துட்டேன், எங்கேயும் இல்ல." கோதண்டம்னா ஊர்ல ஆறடி ஆளு, அந்தக் குரல் ஒரு சின்னப் பிள்ளை குரலா இருந்துது. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல வல்லி. ஆனா அப்பவும் எனக்கு ஞாபகம் இருந்ததே இல்லையே. நான்தான் எடுத்துக் குடிச்சுட்டேனா?" "ஐயோ, இல்லங்க, இல்ல. நீங்க எடுக்கல. நான்தான் எடுத்தேன்." அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம், உக்காந்துட்டாரு. அப்புறம், "எதுக்கு?" கல்யாணத்துக்குன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. வரல. "குறைஞ்சிருந்துதுங்க. நீங்க குடிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். ஒரு இடத்துல கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன்." நான் பேசினது எனக்கே கேக்கல, வண்டிச் சத்தம். அவருக்குக் கேட்டுச்சு. "என்ன சொன்னாங்க?" "யாரும் தொடலைன்னு சொன்னாங்க. தானாவே காத்துல போயிருக்காம். நீங்க தொடவே இல்லையாம். என்னை மன்னிச்சுடுங்க." திட்டுவாரு, வெச்சுடுவாரு, ஒன்பது வருஷமா இப்படித்தான் என்னை நினைச்சியான்னு கேப்பாரு, கேக்கட்டும், எதைக் கேட்டாலும் வாங்கிக்கணும்னு நின்னேன். அவர் அழுதாரு. சத்தம் போட்டு அழுதாரு, கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல கேக்காத அழுகை. "அது குறையறதை நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் வல்லி," அப்படின்னாரு. "ரெண்டு மாசமா பார்க்கிறேன். நான்தான் தூக்கத்துல எழுந்து குடிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."